தப்பு லைட் மேல இல்லை

என் தம்பிக்குக் குழந்தை அழுதா ஆகாது. குழந்தைங்களைப் படம் எடுத்தே பிழைக்கிறவன், அவனுக்கு அழுகை ஆகாதுன்னா சிரிப்பா இல்ல? மீன் விக்கிறவளுக்கு மீன் வாடை ஆகாதுங்கிற மாதிரிதான். ஆனா நெஜம். எந்தப் பிள்ளை வீல்னு கத்தினாலும் இவன் முகம் சுண்டிப் போயிரும். அவன் கெட்டவன் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். கெட்டவனா இருந்திருந்தா இந்தக் கதையைச் சொல்றது எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

ஊர்ல அவனுக்குக் கிலுகிலுப்பைன்னு பேரு. கேமராவுக்குப் பின்னால நின்னு கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி, தலையில முயல் காதை மாட்டிக்கிட்டு, நாப்பது வயசு ஆம்பளை குட்டிக்கரணம் போடாத குறையா ஆடுவான். பெத்தவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பிள்ளைங்கதான் சில சமயம் பயந்து இன்னும் கத்தும். மருந்துக் கடைக்கு மேல மாடியில எங்க ஸ்டுடியோ. நான் முன்னால மேஜையில உக்காந்து நேரம் குறிச்சுக் கொடுக்கிறது, பிள்ளைக்குச் சட்டை மாத்திவிடறது, ஃபிரேம் சரியில்லன்னு வர்றவங்களோட சண்டை போடறது. அந்தக் கடைசி வேலைக்கு என்னை விட்டா ஆள் கிடையாது.

அதுக்கு முந்தி அவன் ஃபோட்டோ பிரிண்ட் போடற ஒரு கலர் லேப்ல வேலை பார்த்தான். பகல்ல உள்ளே போனா பொழுது சாஞ்சு வெளியே வருவான். அங்கே அவனுக்கு ஒரே வேலை, முகத்தோட நெறத்தைச் சரி பண்றது. பிரிண்டைக் கையில எடுத்த உடனே சொல்வான், பச்சை அடிக்குது, நீலம் ஏறியிருக்கு, சிவப்பைக் கொஞ்சம் கூட்டுன்னு. மத்தவங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. "வானம் ஊதாவா வந்தாக்கூட ஒருத்தனும் கேக்க மாட்டான்க்கா, முகம் நெறம் மாறினா சண்டைக்கு வந்துருவான்"னு அடிக்கடி சொல்வான். லேபை மூடினப்புறம் அந்தக் கண்ணை நம்பித்தான் சொந்தமா ஸ்டுடியோ போட்டோம். கலர்ல அவனை யாரும் அசைக்க முடியாதுங்கிற திமிர் அவனுக்கு உண்டு. எனக்கும் இருந்துச்சு, என் தம்பியாச்சே.

ஈறுல தடவற ஒரு டியூப் எங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னா, கீழே இருக்கிற மருந்துக் கடைக்காரர் ஒருநாள் ஏதோ படம் வாங்க மேலே வந்தாரு. அன்னிக்கு ஒரு பிள்ளை பல் முளைக்கிற வலியில தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்துச்சு. நம்மாளுக்கோ பைத்தியம் பிடிக்காத குறை. கடைக்காரர் கீழே போய் ஒரு சின்ன டியூபைக் கொண்டுவந்தாரு. ஈறுல ஒரு பொட்டுத் தடவினா மரத்துப் போயிரும், வலி தெரியாதுன்னாரு. தடவினான். கொஞ்ச நேரத்துல பிள்ளை கப்சிப். அது பாட்டுக்கு நாக்கைச் சப்புக் கொட்டிக்கிட்டு கேமராவையே பார்த்துச்சு. தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, புதையல் எடுத்தவன் மாதிரி.

அன்னிலேருந்து அந்த டியூப் எங்க இழுப்பறையிலேயே குடியேறிருச்சு. பல்லோ, பசியோ, தூக்கமோ, எதுக்கு அழுதாலும் இவன் சுண்டுவிரல்ல ஒரு பொட்டு எடுத்துருவான். பெத்தவங்க அந்தப் பக்கம் சட்டை பார்க்கத் திரும்பினா, திரும்பி வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். "என்ன மாயம் பண்ணீங்க?"ன்னு கேக்கிறவங்ககிட்ட மறைக்க மாட்டான், டியூபைக் காட்டுவான். அவங்களும் இறங்கிப் போகும்போது கீழே ஒண்ணு வாங்கிட்டுப் போவாங்க. கேக்காதவங்களுக்கு இவனும் சொல்றதில்ல. அதைப் போய் ஒரு மருந்துன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல, பவுடர் மாதிரி, சோப்பு மாதிரி அதுவும் ஒரு சாமான்.

இப்ப அவன் பிள்ளைக்கு வர்றேன். கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சுப் பிறந்தவ. அந்த எட்டு வருஷத்துல ஊரான் பிள்ளையை எல்லாம் சிரிக்க வச்சுட்டு வீட்டுக்கு வந்து புருஷனும் பொண்டாட்டியும் பேசாம உக்காந்திருப்பாங்க. அப்புறம் இவ வந்தா. கீழ ஈறுல ரெண்டு வெள்ளைப் புள்ளி தெரிஞ்ச நாள்லேருந்து நான் வச்ச பேரு சுண்டெலி. கையில எது கிடைச்சாலும் கடிப்பா, என் மூக்கு உட்பட. வீட்டுல யார் பேச்சும் எடுபடாது, அவ சத்தம்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை. வாசல் போர்டுல அவ படத்தையே பெருசாப் போடணும்னு தம்பிக்கு ஆசை. இதுக்காகவே வான நீலத்துல ஒரு புதுத் துணி வாங்கிப் பின்னால தொங்க விட்டிருந்தான். அவன் பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்தா. ராத்திரி பூரா பல் வலியில தூங்க விடல போல, கண்ணு ரெண்டும் உள்ளே போயிருந்துச்சு அவளுக்கு. சுண்டெலி வரும்போதே கத்திக்கிட்டுதான் வந்தா.

"அடியே, உங்கப்பன் கடையிலயே வந்து மானத்தை வாங்கறியா?"ன்னு நான் தூக்கினேன். என் காதுக்குள்ளயே கத்தினா. தம்பி இழுப்பறையைத் திறந்து தடவினான். அடங்கினா. துணிக்கு முன்னால உக்கார வச்சு, அம்மாக்காரி கை மட்டும் பிள்ளையோட இடுப்பைப் பிடிச்சிருக்கிற மாதிரி ஓரமா ஒளிஞ்சுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு சுண்டெலி மறுபடி சிணுங்கினா, தம்பி மறுபடி ஒரு தடவை தடவினான். அதுக்கப்புறம் அவ அழவே இல்ல.

நல்ல பிள்ளையா உக்காந்திருந்தா. தொப்பி வச்சா வச்சபடி, பொம்மையைக் கொடுத்தா மடியில போட்டபடி. தொப்பியைப் பிடுங்கி வாயில போடறவ, அன்னிக்குக் கையைக் கூடத் தூக்கல. "பாருங்க அண்ணி, அப்பா முன்னாடின்னா எவ்வளவு சமத்து"ன்னு தம்பி பொண்டாட்டி சொன்னா. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. இப்ப நெனச்சா உடம்பு கூசுது.

தம்பி ரெண்டு படம் எடுத்துட்டுக் கேமராவோட திரையைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"என்னடா?"

"நீலம் அடிக்குதுக்கா. துணியோட கலர் மூஞ்சில விழுது."

பக்கத்துல பளிச்சுனு ஒரு கலர் இருந்தா அது முகத்துல பிரதிபலிக்கும். அது எங்க தொழில்ல தெனம் நடக்கிறது. நீலத் துணியைக் கழட்டிட்டு வெளிர் மஞ்சள் துணியை மாட்டினான். மறுபடி எடுத்தான். மறுபடி உதட்டைப் பிதுக்கினான். உதடும் கன்னமும் இன்னும் ஒரு மாதிரி சாம்பல் பூத்திருக்குன்னான். பல்பு சரியில்லன்னு, வெள்ளைக் குடை விரிச்சு வச்ச ஸ்டுடியோ லைட்டோட பல்பைக் கழட்டினான், அது கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, விரலைச் சுட்டுக்கிட்டுக் கையை உதறினான். அப்பன் அப்படிக் குதிச்சா கெக்கே பிக்கேன்னு சிரிக்கிற பிள்ளை, சும்மா பார்த்துக்கிட்டே இருந்தா. புதுப் பல்பு போட்டான். சாம்பல் போகல. ஜன்னல் திரையை இழுத்து மூடினான். போகல.

அவனுக்குக் கோபம் வந்துருச்சு. கலர் விஷயத்துல அவனை ஒரு பல்பு ஏமாத்துறதா? படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டான். சிவப்பை ஏத்தினான், நீலத்தை இறக்கினான். லேப்ல வருஷக்கணக்கா பண்ணின வேலை, இங்கே ஒவ்வொரு பிள்ளை படத்துக்கும் பண்ற வேலை, கை தானா ஓடுச்சு. திரையில சுண்டெலி ரோஜாப்பூ மாதிரி வந்துட்டா.

"இப்பப் பாரு"ன்னான்.

நான் பார்த்தேன், அழகாத்தான் இருந்தா. ஆனா அவன் திரைக்கிட்ட குனிஞ்சான். படத்துல பிள்ளையோட இடுப்பைப் பிடிச்சிருந்த அவன் பொண்டாட்டி கை, செங்கல் நெறத்துல இருந்துச்சு. சிவப்பை ஏத்தினதுல பிள்ளை சரியா வந்துட்டா, கை கெட்டுப் போச்சு. அவன் மெதுவா எல்லாத்தையும் பழையபடி இறக்கினான். கை சரியாச்சு. பிள்ளை சாம்பலாயிட்டா. ஒரே லைட், ஒரே படம்.

அவன் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தான், கேமரா வழியா இல்லாம வெறும் கண்ணால. "அக்கா"ன்னான். குரலே அவனோடது இல்ல. "லைட் சரியாத்தான் இருக்கு."

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். உதடு நாவல்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு. நகம் பத்தும் அதே மாதிரி. மூச்சு வருது, நல்லாவே வருது, வேகமா வருது. உடம்பு துவண்டு என் தோள்ல சாஞ்சுட்டா. "ஏய், ஏய், அத்தை மூக்கைக் கடிடீ"ன்னு நான் கத்தறேன். கண்ணைத் திறந்து பார்த்துட்டு மூடிக்கிட்டா.

படியில எப்படி இறங்கினோம்னு தெரியாது. மருந்துக் கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு அவரே வண்டியை எடுத்தாரு. வழி நெடுக தம்பி பிள்ளை முகத்தையே பார்த்துக்கிட்டு வந்தான். மரத்தடியில போனா நிழல், வெளியே வந்தா வெயில். ஒவ்வொரு வெளிச்சத்துலயும் அவ அதே நெறம்.

ஆஸ்பத்திரியில பிள்ளை மூஞ்சில மாஸ்க் வச்சுக் காத்தைத் திறந்து விட்டாங்க. ரத்தத்துல காத்து எவ்வளவு இருக்குன்னு காட்டற ஒரு கிளிப்பை விரல்ல மாட்டினாங்க, அதுல வந்த எண் ஏறவே மாட்டேங்குது. நர்ஸ் கிளிப்பை மாத்திப் பார்த்தா. சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க நெஞ்சுல குழலை வச்சுக் கேட்டாங்க. நுரையீரல் சுத்தமா இருக்கு, இதயம் நல்லா அடிக்குது, இவ்வளவு காத்தைக் கொடுத்தும் நீலம் போகலையேன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. அதைக் கேட்டதும் தம்பி பொண்டாட்டி தரையில உக்காந்துட்டா. எனக்குச் சாமி, பூதம் எதுவும் வாயில வரல. "இவளை எடுத்துக்காதே"ன்னு மட்டும் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு நின்னேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தாங்க. அதுல ஒரு சொட்டை வெள்ளைப் பஞ்சுத் துணியில விட்டுக் காத்துல காட்டினாங்க. ரத்தம் சிவப்பா இல்ல. காப்பிக் கசண்டு மாதிரி, பழுப்பா. காத்துப் பட்டும் மாறல. அவங்க முகம் மாறிப் போச்சு.

"குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீங்க?"

"ஒண்ணும் கொடுக்கலைங்க"ன்னு மூணு பேரும் ஒரே குரல்ல சொன்னோம். பொய் சொல்லல. எங்களுக்கு அதுதான் உண்மை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாயில, தோல்ல, எங்கேயாவது எதையாவது தடவினீங்களா? மரத்துப் போறதுக்கு?"

தம்பி பொண்டாட்டி தலையைத் தூக்கினா. "ஈறுல… ராத்திரி தடவினேன். காலையில தடவினேன். கிளம்பும்போதும் கொஞ்சம்…"

தம்பி அவளையே பார்த்தான். "வீட்டுல நம்மகிட்ட ஏது?"

"நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க. கீழே மருந்துக் கடையில நானும் ஒண்ணு வாங்கினேன்."

"நானும் தடவினேனேடி"ன்னான். "வந்ததும் தடவினேன். அப்புறமும் தடவினேன்."

டாக்டரம்மா அதுக்கு மேல நிக்கல. நர்ஸ்கிட்ட என்னமோ சொல்லி ஓட விட்டாங்க. அப்புறம்தான் எங்களுக்கு விளங்கற மாதிரி சொன்னாங்க. ரத்தத்துல இருக்கிற சிவப்புதான் மூச்சுக்காத்தை உடம்பு பூரா சுமந்துக்கிட்டுப் போய் இறக்கிக் கொடுக்குமாம். இந்த மரத்துப் போக வைக்கிற மருந்து சில பேருக்கு அந்தச் சிவப்பையே கெடுத்துரும். அப்புறம் எவ்வளவு மூச்சு இழுத்தாலும் பிரயோஜனம் இல்ல, சுமக்க ஆள் இல்ல. பெரியவங்க உடம்பு ஓரளவு சமாளிச்சுக்கும், பச்சைப் பிள்ளைக்கு அந்தத் தெம்பு வந்திருக்காது. பல தடவை ஒண்ணும் ஆகாம இருக்கும், ஒரு தடவையில ஆகியும் போகும்.

நர்ஸ் கொண்டுவந்த ஊசியைப் பார்த்துட்டுத் தம்பி குறுக்கே போய் நின்னுட்டான். ஊசிக்குள்ள இருந்தது நீலம். மை மாதிரி கடும் நீலம். "ஐயோ, ஏற்கெனவே நீலம் பூத்துக் கிடக்கிறா, இன்னும் நீலத்தை ஏத்துறீங்களே!"ன்னு கத்தினான். நான்தான் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். "அவங்க தொழிலை அவங்க பார்க்கட்டும், நீ உன் கண்ணை மூடு"ன்னேன்.

மெதுவா ஏத்தினாங்க. அவன் கண்ணை மூடல. நானும் மூடல. முதல்ல காதோட நுனியில வந்துச்சு, அப்புறம் உதட்டுல. சாம்பலுக்கு அடியிலேருந்து சிவப்பு ஏறி வர்றதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரத்துல சுண்டெலி மாஸ்க்கைப் பிடிச்சு இழுத்தா. அப்புறம் வாயைத் திறந்து ஆஸ்பத்திரியே அதிர ஒரு கத்து கத்தினா பாருங்க, அழுகை ஆகாத என் தம்பி சுவத்துல தலையைச் சாய்ச்சு அழுதுக்கிட்டே அதைக் கேட்டுக்கிட்டு நின்னான். அடுத்த நாள் அவ பச்சையும் நீலமுமா ஒண்ணுக்குப் போனா. ஊசி மருந்து வெளியே வருது, பயப்படாதீங்கன்னு நர்ஸ் சிரிச்சா. "நல்லவேளை, பிள்ளை பேனா மையா மாறிட்டான்னு நெனச்சேன்"ன்னு நான் சொன்னதுக்குத் தம்பி பொண்டாட்டி கூடச் சிரிச்சா. தம்பி சிரிக்கல.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும்…"னு ஆரம்பிச்சா. வாயை மூடும்மான்னு அனுப்பிட்டேன். என்ன அளவு? அளவே வேணாம்னு டியூப் பெட்டியிலயே எழுதி ஒட்டியிருக்கான், ரெண்டு வயசுக்குக் கீழே தொடாதேன்னு. எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. அட்டைப் பெட்டியைப் பிரிச்ச கையோட குப்பையில போடறோம், யார் படிச்சா?

தம்பிக்கு வேற நோய் பிடிச்சுக்கிட்டது. பிள்ளையை ஜன்னலுக்குத் தூக்கிட்டுப் போறது, வாசலுக்குத் தூக்கிட்டுப் போறது. "அக்கா, இவ உதட்டைப் பாரு, என்ன கலர்?" சிவப்புடான்னு சொல்வேன். "நெஜமாவா?" செக்கச்செவேல்னு இருக்குடான்னு சொல்வேன். சோறு தின்னு முடிக்கிறதுக்குள்ள மறுபடி வருவான். ஊருக்கே கலர் சொன்னவன், கண் தெரியாதவன் கோலைத் தேடற மாதிரி என்னைத் தேடிக்கிட்டு வந்தான்.

அப்புறம் ஒருநாள் திடீர்னு எழுந்து உக்காந்தான். "அக்கா, எத்தனை பேர் வாங்கிட்டுப் போனாங்க?"

ஸ்டுடியோ ஃபோன்ல எல்லார் நம்பரும் இருந்துச்சு. ஒவ்வொருத்தரையா கூப்பிட ஆரம்பிச்சான். யாரோ சொன்னாங்கன்னு சுத்தி வளைக்கல. நான் உங்க பிள்ளைக்கு இதைத் தடவினேன், என் பிள்ளை சாகப் பிழைக்கக் கிடந்தா, இருந்தா தூக்கிப் போடுங்கன்னு நேரா சொன்னான். சில பேர் நல்லாச் சொன்னீங்கன்னாங்க. சில பேர் கிழிச்சு எடுத்தாங்க. ஒருத்தர், இப்பத்தான் தடவிட்டு வர்றேன்னு ஃபோனை அப்படியே போட்டுட்டு ஓடினாரு, அவர் திரும்பி வந்து பிள்ளை நல்லா இருக்குன்னு சொல்ற வரைக்கும் எங்களுக்கு உயிரே இல்ல. ஒரு நம்பர் மட்டும் எடுக்கவே இல்ல. மறுநாளும் எடுக்கல. மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. தம்பிக்குச் சோறு இறங்கல. வீடு தெரியும், ஃபிரேம் கொண்டுபோய்க் கொடுத்த இடம். வண்டியில என்னையும் ஏத்திக்கிட்டுப் போனான்.

கதவைத் தட்டிட்டு நின்னோம். உள்ளே சத்தமே இல்ல. கதவைத் திறந்தது பிள்ளையோட அம்மா. இடுப்புல பையன். தூக்கக் கலக்கத்துல எங்களைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினான். ஃபோனைச் சொந்தக்காரங்க வீட்டுல மறந்து வச்சுட்டு வந்துட்டாங்களாம்.

தம்பி அவங்ககிட்டயும் எல்லாத்தையும் சொன்னான். நீலத் துணி, பல்பு, சிவப்பை ஏத்தினது, பொண்டாட்டி கை செங்கலானது, ஒண்ணையும் விடல. அவங்க குறுக்கே பேசாம கேட்டாங்க.

"எங்க பையனுக்கும் தடவுனீங்களா?"

"ஆமாம்மா."

"நான் பார்க்கவே இல்லையே. கேட்டீங்களா எங்களை?"

"இல்லம்மா."

கத்தியிருந்தாங்கன்னா நான் சமாளிச்சிருப்பேன், கத்தறவங்களோட எனக்குப் பழக்கம். அவங்க கத்தல. உள்ளே திரும்பிச் சுவத்துல மாட்டியிருந்த படத்தைக் கழட்டிக் கொண்டுவந்தாங்க. எங்க ஃபிரேம்தான். படத்துல பையன் கூடைக்குள்ள உக்காந்து அமைதியாப் பார்த்துக்கிட்டு இருந்தான், கன்னம் ரோஜா நெறம், உதடு ரோஜா நெறம். அதை வாசல் வெளிச்சத்துல பிடிச்சு, இடுப்புல இருக்கிற பிள்ளை முகத்தோட வச்சுப் பார்த்தாங்க. அப்புறம் தம்பி கையில கொடுத்தாங்க.

"இது அன்னிக்கு என் பிள்ளை இருந்த நெறமா? இல்ல, நீங்க போட்ட நெறமா?"

தம்பி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தான். நான் அவனையே பார்த்தேன். இல்லம்மா, உங்க பையன் நல்லாத்தான் இருந்தான்னு சொல்லுடா, சொல்லித் தொலைடான்னு எனக்குள்ள ஒருத்தி கதறிக்கிட்டு இருந்தா.

"ஞாபகம் இல்லம்மா"ன்னான்.

அவங்க படத்தைத் திருப்பி வாங்கிக்கல. பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திட்டாங்க. அந்தப் படத்தோட ரெண்டு பேரும் தெருவுல நின்னோம்.